கண்ணைப் பார்த்தே கள்ளனைச் சொல்பவர்

எதிரே நிற்பவனின் கண்ணைப் பார்த்தே அவன் கள்ளனா நல்லவனா என்று சொல்லிவிடுகிற ஓர் இனம் நம்மிடையே உலவுகிறது. நீங்களும் பார்த்திருப்பீர்கள். பேருந்தில் யாராவது செல்போனைக் காணோம் என்று அலறினால், தொலைத்தவர் தன் பையைத் துழாவி முடிப்பதற்குள், கடைசி சீட்டில் தலை கலைந்து உட்கார்ந்திருப்பவனை இந்த இனத்தவர் ஒருவர் தாடையால் சுட்டிக்காட்டி, "அவன் முழியே சரியில்லையே" என்பார். இராத்திரி வேலை பார்த்துவிட்டு வருகிறவனுக்கு முழி வேறு எப்படி இருக்கும்? அதைக் கேட்டால் அடுத்த சந்தேகம் உங்கள் மேல்.

ஆர்.எஸ்.மங்கலம் பாண்டீஸ்வரன் இந்த இனத்தில் சான்றிதழ் பெற்றவர். கூட்டுறவுச் சங்கத்தில் ஓய்வு பெற்ற கையோடு, இணையத்தில் ஒரு வார இறுதி வகுப்பில் தடயவியல் உளவியல் கற்று, 'குற்ற மனவியல் நிபுணர்' ஆகிவிட்டார்.

அந்த வகுப்பில் நல்ல விஷயங்களும் சொன்னார்கள். நூறு வருஷத்துக்கும் முன்னால் ஜெர்மனியில் ஒரு பேராசிரியர் வகுப்பறையில் பொய்ச் சண்டை ஒன்றை நடத்திக்காட்டி, கண்ணால் கண்டதை எழுதச் சொன்னாராம். மாணவர்கள் ஆளுக்கொரு தப்போடு எழுதினார்களாம். மனிதன் கண்டதையே தப்பாகச் சொல்வான் என்கிற சந்தேகத்திலிருந்து கிளைத்த படிப்பு இது. பாண்டீஸ்வரன் அதிலிருந்து என்ன கற்றார்? மற்ற எல்லோரும் தப்பாகப் பார்க்கிறார்கள் என்று. குழந்தையின் சாட்சியத்தை எவ்வளவு நம்பலாம், குற்றம் சாட்டப்பட்டவருக்கு வழக்கு புரிகிற மனநிலை உண்டா, சிறையிலிருந்து விடுதலையாகிறவர் மறுபடி குற்றம் செய்வாரா என்று பொறுமையாக ஆராய்ந்து சொல்வதுதான் இந்தத் துறையின் வேலை என்ற பாடம் ஓடும்போது அவர் காபி குடிக்கப் போயிருந்தார்.

இப்பேர்ப்பட்டவரைத்தான் திருப்பாலைக்குடி ஹமீது கூப்பிட்டார். அவருடைய நாட்டுப்படகிலிருந்த ஜி.பி.எஸ். கருவியைக் காணவில்லை. படகில் வேலை பார்த்தவர்களை வரிசையாக நிற்க வைத்தார்கள். பாண்டீஸ்வரன் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே வந்து, சிக்கல் என்ற ஊரிலிருந்து பிழைக்க வந்த பிரபுவிடம் நின்றார். அவன் தலையைக் குனிந்தான். வேர்த்தான். சித்திரை வெயிலில் ஊரே வேர்த்துக்கொண்டிருந்தது. ஆனால் நிபுணருக்கு ஒரு வேர்வை போதும்.

"ஏலே, என்னைப் பாத்துப் பேசு. எங்கன வச்சிருக்க?"

"நான் எடுக்கலைங்கய்யா."

"எடுக்கலைன்னா ஏன் நடுங்குற?"

மதியம் லுஹர் தொழுகை நேரத்தில் ஆரம்பித்த விசாரணை, பொழுது சாய்ந்து மஃரிப் பாங்கு சொல்லியும் முடியவில்லை. தண்ணீர் கொடுக்கவில்லை. கடைசியில் பாண்டீஸ்வரன் குரலைத் தேனாக்கி, "ஒத்துக்கிட்டா வீட்டுக்குப் போயிரலாம்ல" என்றார்.

பிரபு நிமிர்ந்தான். "ஒத்துக்கிட்டா விட்ருவீகளா?"

"சத்தியமா."

"அப்ப நான்தான் எடுத்தேன். கடல்ல போட்டுட்டேன்."

போலீசைக் கூப்பிட்டார்கள். வீட்டுக்குப் போக ஒத்துக்கொண்டவன் சிறைக்குப் போனான். பாண்டீஸ்வரனுக்குச் சால்வை போர்த்தினார்கள். பேருந்தில் திரும்பும்போது அதை மடித்து வைக்க மனம் வராமல், அந்தப் புழுக்கத்திலும் தோளிலேயே போட்டுக்கொண்டு வந்தார்.

பிரபுவுக்காக இலவச சட்ட உதவியில் வந்த வக்கீல், மதுரையிலிருந்து பூங்கோதை என்கிற தடயவியல் உளவியலாளரை அழைத்து வந்தார். அந்தப் பெண் சிறையில் பிரபுவோடு நாள்முழுக்கப் பேசினார். அவன் கண்ணைப் பற்றி ஒரு வார்த்தைகூட எழுதவில்லை. கேள்விப்பட்ட பாண்டீஸ்வரன், பாவம் சின்னப் பெண், வழிகாட்டுவோம் என்று கோர்ட் வராந்தாவுக்கே போய்விட்டார்.

"என்ன மேடம், ஆள் எப்படி?"

"அறிக்கையை நீதிபதிகிட்டதான் சார் குடுப்பேன்."

"நம்ம ரெண்டு பேரும் ஒரே தொழில். சும்மா சொல்லுங்க."

பூங்கோதை உள்ளே போனார். அவர் நீதிபதியிடம் சொன்னதைப் பாண்டீஸ்வரன் கடைசி வரிசையிலிருந்து கேட்டார். "நடக்கவே நடக்காத நாலு திருட்டைப் பத்தி, அவர்தான் செஞ்சாருங்கிற மாதிரி கேட்டுப் பார்த்தேன். கொஞ்சம் அழுத்திக் கேட்டதும் நாலையும் தான் செஞ்சதா ஒத்துக்கிட்டாரு. அதிகாரமாப் பேசுறவங்களுக்கு எதுக்கும் ஆமான்னு சொல்லிடுற சுபாவம். இவரோட வாக்குமூலத்தை நம்பக் கூடாது."

பாண்டீஸ்வரன் பக்கத்திலிருந்தவரின் விலாவில் இடித்தார். "பாத்தீங்களா, இன்னும் நாலு களவு! பழைய கேடின்னு நான் அன்னைக்கே நினைச்சேன்."

அடுத்த வாரமே கருவி கிடைத்தது. ஹமீதின் மருமகன் வசீம் அதை ராமநாதபுரத்தில் ரிப்பேருக்குக் கொடுத்துவிட்டு, சொல்ல மறந்து, சார்ஜாவுக்கு விமானம் ஏறியிருந்தார். கடைக்காரர் போன் செய்ததும் ஹமீது, "யா அல்லாஹ், ஒரு பாவமும் அறியாத புள்ளைய உள்ள வச்சிட்டமே" என்று தலையில் கைவைத்துக்கொண்டு ஓடிப்போய்ப் புகாரை வாபஸ் வாங்கினார். பிரபு வெளியே வந்தான். ஆனால் அந்தக் கரையில் எந்தப் படகும் அவனை ஏற்றவில்லை. "அவனே ஒத்துக்கிட்டவன்தானப்பா" என்றார்கள். இப்போது சிக்கலில் கருவேலங்கட்டை வெட்டிக் கரிமூட்டம் போடுகிறான். யாராவது உரக்கக் கூப்பிட்டால் முதலில் மன்னிப்புக் கேட்டுவிட்டுத்தான் என்னவென்று கேட்கிறான்.

பாண்டீஸ்வரனுக்கு உறுத்தியதா? உறுத்தியது. ஒரு மாலைப்பொழுது முழுக்கச் சாப்பாடு இறங்கவில்லை. பிறகு தெளிந்துவிட்டார். "எடுக்காத பொருளையே எடுத்தேன்னு பொய் சொல்லியிருக்கான். எம்புட்டுப் பெரிய பொய்யன்! அதைத்தான் நான் அவன் கண்ணுல பாத்தது." இன்றைக்கும் அழைப்புகளுக்குக் குறைவில்லை.

நீங்கள் அப்படிப்பட்டவரில்லை, தெரியும். ஆனாலும் ஒன்று கேட்கிறேன். சொல்ல மறந்துவிட்டு விமானம் ஏறினார் என்று வசீமைப் பற்றி வாசித்தபோது, மறந்தாரா, விற்கப் பார்த்தாரா என்று உள்ளுக்குள் லேசாகச் சிரித்தீர்கள்தானே? பாண்டீஸ்வரனுக்காவது ஆளை நேரில் பார்க்க வேண்டியிருந்தது.