பொட்டு வைத்த ஸ்பிரிங்

கல்யாணமான பிறகு உதயகுமாருக்கென்று மிச்சமிருந்த சொத்து ஒன்றே ஒன்றுதான். ஞாயிற்றுக்கிழமைக் காலை. மனைவி பானுப்பிரியா அம்பத்தூரில் ரயிலேறி, வேப்பம்பட்டில் இருக்கும் தாய்வீட்டுக்குப் போய்விடுவாள். இவன் பைக்கை எடுத்துக்கொண்டு சென்னீர்குப்பம் தாண்டி பெங்களூர் ரோட்டில் தன்னந்தனியாகப் போவான். வழியில் யாரும் அவனைக் கொத்தமல்லி வாங்கிவரச் சொல்லமாட்டார்கள். வாரத்தில் அந்தக் கொஞ்ச நேரம்தான் அந்த மனிதன் உயிரோடு இருந்தான்.

இந்த ஏற்பாட்டைக் கட்டிக் காத்தது பைக்கின் ஆட்டம்தான்.

"இந்த வண்டில குந்திகினு அவ்ளோ தூரம் வந்தா உன் இடுப்பு கழண்டுடும் பானு. நீ சொகமா ரயில்ல போ" என்பான், முகத்தில் அத்தனை கவலையோடு.

ஆனால் அந்த ஆட்டம் அவன் இடுப்பையும் சும்மா விடவில்லை. பொறுத்துப் பார்த்தான். கடைசியில் மெக்கானிக் துலுக்கானத்திடம் போய் நின்றான். பின்பக்கம் ரெண்டு ஷாக் அப்சார்பரும் புதுசு. சீட்டுக்குள்ளே புது மெத்தை.

"வெளிய தெரியக் கூடாது அண்ணாத்தே. கிழிஞ்ச கவரையே மேல போட்டுடு. ஸ்பிரிங் மேல சேறு பூசிடலாம்."

"புதுச் சாமானுக்குச் சேறா? இன்னா நைனா பேசுற?"

பூஜை போடாமல் ஒரு வண்டியையும் வெளியே விட்டதில்லை துலுக்கானம். கற்பூரம் காட்டி, ஸ்பிரிங் ரெண்டுக்கும் சந்தனம் குங்குமம் வைத்து, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் நசுக்கித்தான் சாவியைக் கொடுத்தார். உதயகுமாரும் பக்தியோடு கும்பிட்டான். அப்புறம் தெருமுனையில் வண்டியை நிறுத்திச் சேறு பூசினான். பொட்டின் மேல் பூசத்தான் கை வரவில்லை. சாமி விஷயம்.

வண்டி வழுக்கிக்கொண்டு போனது. அவனுக்கு அழுகையே வந்துவிட்டது.

பானுப்பிரியா ஏறினால் மட்டும் கதை வேறு. பள்ளம் பள்ளமாகத் தேடிப் போய் இறக்கினான். அப்படியும் குலுங்காததால் தானே எம்பி எம்பிக் குதித்தான்.

"பார்த்தியா, இன்னா தூக்கு தூக்குது!"

"ஆமா மாமா. பாவம் நீ" என்றாள் அவள்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் அவள் தம்பி வந்து நின்றான். கையில் ஒரு ஹெல்மெட்.

"இன்னா விசயம்?"

"நீ படுற பாடு எனக்குத் தாங்கல மாமா" என்றாள் பானுப்பிரியா. "இந்த வண்டிய இவன் ஓட்டிகினு போயி பழைய இரும்புக்குப் போட்டுடுவான். இனிமே நீயும் என்கூட ரயில்லயே வந்துடு."

மச்சான் சாவிக்குக் கை நீட்டினான். உதயகுமார் சாவியை முதுகுக்குப் பின்னால் மறைத்தான்.

"வேணாம்! வண்டி நல்லா கீது!"

"நேத்துகூட தூக்கிப் போட்டுச்சே?"

"வண்டி போடல பானு. நான்தான் குதிச்சேன். அது பஞ்சு மாதிரி போவுது."

அவள் சிரிக்கவில்லை. குனிந்து, முந்தானையால் ஸ்பிரிங்கின் சேற்றைத் துடைத்தாள்.

"தெரியும். வண்டியெல்லாம் சேறு, பொட்டு மட்டும் பளிச்சுன்னு கீது. பார்த்த அன்னிக்கே தெரியும்." அவள் குரல் இறங்கியது. "வாராவாரம் தனியா போறேன் மாமா. புருசன் ஏன் வரலன்னு அம்மா கேக்கும். வண்டி சரியில்லன்னு நானும் உனுக்காகச் சொல்லிகினே கீறேன்."

உதயகுமாருக்கு நிஜமாகவே வெட்கமாகிவிட்டது. மச்சான் கையிலிருந்ததைக் காட்டினான்.

"அப்போ அந்த ஹெல்மெட்டு?"

"அது எனக்கு. நான்தான் வாங்கியாரச் சொன்னேன். வண்டிய எடு. தம்பி ரயில்ல வருவான்."

வேப்பம்பட்டு வரை எத்தனையோ பள்ளம். வண்டி ஒன்றில்கூடக் குலுங்கவில்லை. பானுப்பிரியா அவன் முதுகில் சாய்ந்து நன்றாகத் தூங்கிக்கொண்டு வந்தாள்.