ஸ்டேஷன் நைனாவின் பிள்ளைகள்

நகரியிலிருந்து திருப்பதி வரைக்கும் அந்த நெடுஞ்சாலையில் லாரியில் அடிபட்டுச் செத்த அத்தனை பேருக்கும் ஒரே அப்பாதான். அந்த அப்பாவுக்குக் கல்யாணமே ஆகவில்லை.

எங்கள் பக்கத்தில் அப்பாவை நைனா என்போம். அவரை ஊரே ஸ்டேஷன் நைனா என்று கூப்பிட்டது. ரயில்வே ஸ்டேஷன் என்று நினைத்துவிடாதீர்கள். அங்கேயாவது சிரித்த முகத்தோடு யாராவது இறங்குவார்கள். இவர் போலீஸ் ஸ்டேஷன் நைனா. பிழைப்புக்கு நெடுஞ்சாலை ஓரத்து எடைமேடையில் லாரிகளை எடைபோட்டுச் சீட்டு கிழித்துக் கொடுக்கிற வேலை. ஒரு லாரி மேடையில் ஏறினால் போதும், அதைச் சக்கரத்திலிருந்து கூரை வரை பார்த்துவிட்டு, "இது இன்னைக்கு யாரையோ முடிக்கும்" என்பார். டிரைவர்கள் அவரிடம் சீட்டு வாங்கியதும் சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்துவிட்டுத்தான் கிளம்புவார்கள். எடைமேடைக்குப் பக்கத்திலேயே எலுமிச்சம்பழம் விற்று ஒரு குடும்பம் பிழைத்தது.

எங்கள் ஊரில் யாரும் ஸ்டேஷனுக்குத் தனியாகப் போவதில்லை. கல்யாணத்துக்குத் தனியாகப் போவார்கள், ஆபரேஷனுக்குக் கூடத் தனியாகப் போவார்கள், ஸ்டேஷனுக்கு மட்டும் துணை வேண்டும். துணைக்கு ஒரு கட்சிக்காரரைக் கூப்பிடலாம். பிறகு ஆயுசுக்கும் அவர் வீட்டு விசேஷங்களில் பந்தி பரிமாற வேண்டும். ஸ்டேஷன் நைனாவைக் கூப்பிட்டால் ஒரு டீயோடு சரி. உண்மையில் அவரைக் கூப்பிடவே வேண்டாம். விபத்து என்று காதில் விழுந்தால் வெள்ளைச் சட்டை மாட்டிக்கொண்டு அவரே வந்து நிற்பார்.

என்னிடம் அப்படித்தான் வந்தார். என் நைனா மொபெட்டில் மாங்காய்க் கூழ் ஃபேக்டரி வளைவில் திரும்பும்போது லாரி அடித்துவிட்டது. திருப்பதி ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே எல்லாம் முடிந்தது. நான் அப்போதுதான் தடா பக்கம் ஒரு கம்பெனியில் ஷிப்ட் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். காரியம் முடிந்ததும் வக்கீல் ஒரு பட்டியல் சொன்னார். எஃப்.ஐ.ஆர். காப்பி, சம்பவ இடத்தில் எழுதிய பஞ்சநாமா, போஸ்ட்மார்ட்டம் ரிப்போர்ட், வண்டியைப் பார்த்த பிரேக் இன்ஸ்பெக்டரின் ரிப்போர்ட். இதெல்லாம் இல்லாமல் நஷ்டஈட்டுக் கேஸ் போட முடியாது. எங்கள் அம்மாவுக்கு அதை விட்டால் வேறு வழி கிடையாது.

ஸ்டேஷனில் காகித வேலை பார்க்கிற ஏட்டுக்கு ரைட்டர் என்று பெயர். அவர் மேஜைக்கு முன்னால் போய் நின்றேன். தலை நிமிராமல் கேட்டார்.

"செனிபோயினாயின, மீக்கு ஏமவுத்தாரு?"

செத்தவர் உனக்கு என்ன ஆகணும். அவ்வளவுதான் கேள்வி. பள்ளிக்கூடம் முழுக்கத் தெலுங்கில் படித்தவன் நான். பதில் ஒரே ஒரு வார்த்தை. வாயைத் திறந்தால் காற்றுதான் வருகிறது.

"ஏமய்யா, செவுடா? ஏமவுத்தாரு?"

எனக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. "பையன் சார் இவன். செத்தவனுக்கு நான் அண்ணன் சார்." நான் திரும்பிப் பார்ப்பதற்குள் அந்த அண்ணன் அழ ஆரம்பித்துவிட்டார்.

அந்த அழுகையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அது கண்ணீர் சம்பந்தப்பட்டது இல்லை, சத்தம் சம்பந்தப்பட்டது. மலைப்பாதையில் வளைவுக்கு முன்னால் லாரி அடிக்கிற ஏர்ஹாரன் மாதிரி ஆரம்பித்து, லாக்கப்பில் இருந்தவன் எழுந்து நிற்கிற வரைக்கும் போகும். வயர்லெஸ்ஸில் பேசிக்கொண்டிருந்தவர் ஒரு காதைப் பொத்திக்கொண்டார். ரைட்டர், "ரேப்பு ரண்டி" என்றார். நாளைக்கு வாங்க. மறுநாளும் போனோம், அழுதார். அதற்கும் மறுநாள் போனோம். ஸ்டேஷன் நைனா மூச்சை உள்ளே இழுத்ததுமே ரைட்டர் டிராயரைத் திறந்து எஃப்.ஐ.ஆர். காப்பியை எடுத்துப் போட்டார்.

"தீசுக்கோ. மீ பெதநைனாவ மொதல்ல வெளில கூட்டிக்கினு போ!"

வெளியே வந்ததும் பெரியப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பசிக்குது, பூரி துன்னலாமா?" என்றார். அன்றைக்கு நான் வீட்டுக்குப் போய்த்தான் முதல்முறையாக அழுதேன்.

அவர் ஸ்டேஷன் விவகாரத்தைக் கரைத்துக் குடித்தவர் என்று யாராவது நினைத்தால் அது தப்பு. அவர் சொன்ன யோசனையில் முக்கால்வாசி உபயோகமே இல்லாதது. "சாப்பாட்டுக்கு முன்னாடி போவாத, பசில இருப்பாங்க. சாப்பாட்டுக்கு அப்பறம் போவாத, தூக்கத்துல இருப்பாங்க" என்பார். எப்போதுதான் போவது என்று கேட்டால், "போய்க்கினே இரு" என்பார். உருப்படியாக அவருக்குத் தெரிந்த விஷயம் ஒன்றே ஒன்றுதான். கம்ப்ளெய்ண்ட் எழுதிக் கொடுத்தவனுக்கு எஃப்.ஐ.ஆர். காப்பியைச் சும்மா கொடுத்தாக வேண்டும். இதை எடைமேடைக்கு வருகிற போகிற எல்லோரிடமும் சொல்லுவார். "காப்பி வாங்காம வீட்டுக்குப் போவாத. காப்பி இல்லன்னா நாய் அடிபட்ட மாதிரிதான். யாரும் கேக்கலன்னு அர்த்தம்."

தறி ஓட்டுகிற பாபுவுக்கு லாரி இடித்துக் கால் முறிந்தது. எலும்பு முறிவுக் கட்டுக்குப் பேர்போன புத்தூர்க்காரனுக்குக் கால் முறிவதெல்லாம் ஒரு விஷயமா? கட்டுப் போட்டுக்கொண்டு காப்பி வாங்கக் கிளம்பினான், நைனா கூடவே போனார். அவர் அழுத அழுகையில் ஸ்டேஷனுக்குப் புதிதாக வந்த கான்ஸ்டபிள் மரண கேஸ் என்று எழுதத் தொடங்கிவிட்டார். பாபு பதறிப்போய், "நைனா, நான் இங்கதான் கீறேன், உயிரோடதான் கீறேன்" என்று சட்டையைப் பிடித்து இழுத்திருக்கிறான்.

"சும்மா இருடா," என்றாராம் நைனா. "நல்லா போய்க்கினு கீது."

எல்லாம் புது எஸ்.ஐ. வரும்வரைதான். அவர் ஆட்களின் முகத்தை மறக்காதவர். பால் ஊற்றுகிற கனகம்மாவின் புருஷன் செத்தபோது, மாமனார் என்று சொல்லிக்கொண்டு நைனா அழுததை எஸ்.ஐ. கைகட்டிப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"பெத்தாயினா, போன வாரம் நகரி ரோட்ல செத்தது யாரு?"

"பையன் சார்."

"இது?"

"இதுவும் பையன்தான் சார்."

"அதுக்கு முன்னாடி சத்தியவேடு ரோட்ல?"

நைனா வாசலுக்கு வெளியே நெடுஞ்சாலையைக் கையால் காட்டினார். "லாரி நெறைய சார்," என்றார். "நான் இன்னா பண்ணட்டும்?"

அன்றோடு அவருக்கு ஸ்டேஷன் வாசல்படி மிதிக்கத் தடை. அவர் அசரவில்லை. காம்பவுண்டுக்கு வெளியே, விபத்தில் பிடித்துவந்து துருப்பிடிக்க விட்டிருக்கும் வண்டிகளுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு அங்கிருந்தே அழுதார். அந்தக் குரலுக்குச் சுவரெல்லாம் ஒரு தடையா? உள்ளே காப்பி கேட்க வந்தவர்களைப் பார்த்து ரைட்டர், "வெளில நிக்கிறது மீதேனா?" என்று பெருமூச்சு விடுவார். ஆமாம், எங்களதுதான் என்று தலையாட்டுவார்கள்.

எஸ்.ஐ.யால் முடியாததைக் கடைசியில் செல்போன் செய்தது. எஃப்.ஐ.ஆர். காப்பியைப் போனிலேயே எடுத்துக்கொள்ளலாம் என்று ஆகிவிட்டது. லீவில் ஊருக்கு வந்தபோது டீக்கடையில் அவருக்கு அதைக் காட்டினேன். மாவட்டம், ஸ்டேஷன், வருஷம் போட்டேன். கோணல் மாணலாய் நாலு எழுத்து வந்தது. நான் மனிதன்தானா இல்லை யந்திரமா என்று தெரிந்துகொள்ள அது கேட்கிறது என்றேன்.

"மனுசனான்னு கேக்குது," என்றார் நைனா. "செத்தவன் உனக்கு இன்னா ஆவணும்னு கேக்கலியே?"

"அது எதுக்கு நைனா? காப்பி வந்தா போதாதா?"

அவர் டீயைக் கீழே வைத்தார். எப்போதும் தொங்கிக் கிடக்கிற முகம்தான், ஆனால் அன்றைக்கு விளையாட்டாகத் தெரியவில்லை. "நான் ஒரு நாள் போயிடுவேன். லாரியிலதான் போவேன், அது தெரியும். ரைட்டர் கேப்பான் இல்ல, ஏமவுத்தாருன்னு. அங்க யாருடா நிப்பாங்க? செல்போனா நிக்கும்? யாரும் வரலன்னா முனிசிபாலிட்டிக்காரன் தூக்கிப் போட்டுடுவான். பேரு தெரியாத ஆம்பளப் பொணம்னு எழுதிடுவாங்க."

பெஞ்சில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவர் எதற்குத்தான் அப்படிப் பேசாமல் இருந்தார்? ஒரு தும்மல் போட்டால் கூட உயில் எழுதுகிற மனிதர். ஆனால் அவர் சிரிக்கவில்லை. எழுந்து எடைமேடைக்குப் போய்விட்டார், டீ பாதி அப்படியே இருந்தது.

இந்த வருஷம் மாங்காய் சீசனில், அந்த மேடையிலேயே, பின்னால் வந்த லாரி ஒன்று அவரை முடித்தது. அந்த லாரியைப் பார்த்தும் அதே வார்த்தையைச் சொன்னாரா என்று தெரியவில்லை. சொல்லியிருப்பார். பாபு போன் செய்தான். "நைனாவ திருப்பதிக்கு எடுத்துக்கினு போயிட்டாங்க. பொணக்கெடங்குல கீறாரு. சொந்தக்காரங்க யாராவது வந்து எழுதிக் குடுக்கணுமாம். எடைமேடை ஓனரு எனக்கு எதுக்கு வம்புன்றான். யாரும் வரலன்னா..."

தடாவிலிருந்து கிடைத்த பஸ்களில் ஏறி இறங்கி வந்து சேர்ந்தேன். வழி முழுக்க லாரிகள். முதல்முறையாக அவற்றைச் சக்கரத்திலிருந்து கூரை வரை பார்த்தேன்.

ஸ்டேஷனில் பழைய ரைட்டரேதான் இருந்தார். என்னையும் தெரியும், நைனாவையும் தெரியும், நைனாவுக்கு உலகத்தில் ஒருவருமில்லை என்பதும் அவருக்குத் தெரியும். கம்ப்ளெய்ண்ட் எழுதி நீட்டினேன். வாங்கிப் படித்தார். பேனாவை எடுத்தார். தலை நிமிரவில்லை.

"ஏமவுத்தாரு மீக்கு?"

என் சொந்த நைனாவுக்குத் திறக்காத வாய் அது. இந்தத் தடவை பின்னாலிருந்து எடுத்துக் கொடுக்கிறவரும் இல்லை.

"எங்க நைனா சார்," என்றேன்.

ரைட்டர் எதையும் எழுதவில்லை. என் தோளுக்கு மேல் பார்த்தார். கதவருகில் பாபு நின்றிருந்தான். "மீக்கு?"

"நைனா சார்."

"அம்மா, மீக்கு?"

"நைனாதான் சார்," என்றாள் கனகம்மா. அவளுக்கு மாமனார் என்று எழுதியது இதே ஸ்டேஷன்தான், இதே ரைட்டர்தான். அவள் பின்னால் வராந்தா வரைக்கும் ஆட்கள் நின்றார்கள். பாதி முகம் எனக்குத் தெரியாது. எல்லோரும் எந்தெந்த வருஷத்திலோ அந்தச் சத்தத்தின் தயவில் காப்பி வாங்கிக்கொண்டு போனவர்கள்.

ரைட்டர் நாற்காலியில் சாய்ந்தார். "சரி. நைனா பேரு?"

நான் பாபுவைப் பார்த்தேன். பாபு கனகம்மாவைப் பார்த்தான். கனகம்மா வராந்தாவைப் பார்த்தாள். வராந்தா சுவரைப் பார்த்தது. இத்தனை பிள்ளைகளில் ஒருத்தருக்கும் பெற்றவன் பெயர் தெரியவில்லை.

"நைனா பேரு தெரியாத பசங்க," என்றார் ரைட்டர். எஸ்.ஐ. அறையில் இருந்தார், கதவு திறந்துதான் இருந்தது. அவர் வெளியே வரவில்லை. ரைட்டர் தானாகவே ஒரு பெயரைச் சொல்லிக்கொண்டே எழுதினார். இத்தனை வருஷமாய் அவருக்கு மட்டும் தெரிந்திருக்கிறது. அந்தப் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. அது எங்களில் யாரும் கூப்பிட்ட பெயர் இல்லை. அதற்கு எதிரே, கம்ப்ளெய்ண்ட் கொடுத்தவருக்கு என்ன உறவு என்கிற இடத்திலும் ஒரு வார்த்தை எழுதினார். பிறகு காப்பியை டிராயரில் போடாமல் நேராக என் கையிலேயே கொடுத்தார்.

"அழணும்னா அழுங்க," என்றார். "இன்னைக்கு ஒண்ணும் சொல்லமாட்டேன்."

நாங்கள் முயற்சி செய்தோம். அவர் அளவுக்கு எங்களில் யாருக்கும் சத்தம் வரவில்லை.

திருப்பதியில் உடம்பை வாங்கி, அங்கேயே காரியத்தை முடித்தோம். கொள்ளி வைப்பதற்கு முன்னால், ஸ்டேஷனுக்குப் போட்டுக்கொண்டு வருகிற அந்த வெள்ளைச் சட்டையை அவருக்கு மாட்டிவிட்டு, அதன் பையில் காப்பியின் ஜெராக்ஸ் ஒன்றை மடித்து வைத்தேன். வெட்டியான் இது என்ன பேப்பர் என்று கேட்டான். குனிந்து அவரிடம்தான் சொன்னேன்.

"காப்பி வாங்கிட்டோம், நைனா."