ஆள்காட்டியின் முட்டையும் தன்னைத் தேடிய பூனையும்

ஒரு காட்டில் சிங்கம் இருந்ததா என்று கேட்காதீர்கள். இந்தக் கதைக்கு அது வேண்டாம். ஒரு பூனை இருந்தது. பேர் பேச்சிமுத்து. குருவி, காடை என்று கண்ணில் பட்டதையெல்லாம் வாயில் போட்ட பூனைதான்.

அந்தக் காட்டு பங்களாவுக்கு டவுன்காரர்கள் கொஞ்சம் பேர் தியான முகாம் போட வந்தார்கள். விடிந்ததும் வரிசையாக உட்கார்ந்து பறவையைப் பார்ப்பார்கள். பார்க்கிற நான் யார் என்று தங்களுக்குள்ளேயே கேட்டுக்கொள்வார்கள். பங்களா அடுப்படி மீன் வாசத்துக்குப் போன பேச்சிமுத்து, அவர்கள் பேச்சைக் கேட்டு மீனை மறந்து திரும்பி வந்தது. மறுநாளே குளத்தங்கரையில் கண் கொட்டாமல் உட்கார்ந்துவிட்டது.

அங்கேதான் ஆள்காட்டிக் குருவி வெறுந்தரையில் முட்டையிட்டிருந்தது. கூழாங்கல் நிறத்து முட்டை. கல்லோடு கல்லாகக் கிடந்தால் நரிக்கும் தெரியாது, பருந்துக்கும் தெரியாது.

பூனையைக் கண்டதும் ஆள்காட்டி தலைக்கு மேலே சுற்றிச் சுற்றிக் கத்தியது.

"கத்தாத தாயி. இப்பல்லாம் நான் திங்கிறதுக்குப் பாக்கிறதில்ல. சும்மா பாக்கிறேன். பாக்கிறது யாருன்னு பாக்கிறேன்."

"அது தெரிஞ்சு உமக்கு என்ன ஆவப்போவுது?"

"தெரிஞ்சா பசி போயிரும்னாங்க."

ஆள்காட்டி நம்பவில்லை. நொண்டி மாதிரி காலை இழுத்துக்கொண்டு பூனையின் மூக்குக்கு முன்னாலேயே நடந்து பார்த்தது. மீசைகூட அசையவில்லை. வேஷம் என்றுதானே நினைக்கிறீர்கள்? இல்லை. பூனை நிஜமாகவே திருந்திவிட்டது.

"மன்னிச்சிரும் அண்ணாச்சி" என்றது ஆள்காட்டி. வெயிலில் முட்டை வெந்துவிடுமே என்று, வயிற்றை நனைத்து வரக் குளத்துக்குள் இறங்கியது.

பேச்சிமுத்து பார்த்துக்கொண்டே இருந்தது. கவனம் கூடக் கூட, அத்தனை கல்லுக்குள் எது கல் இல்லை என்று பிடிபட்டது. அப்புறம் பார்வை அந்த இடத்தை விட்டு நகரவில்லை.

வீட்டிலோ குட்டிகள் பட்டினி. பெண்டாட்டிப் பூனை செவந்தி, புருஷனைத் தேடி வந்தது.

"இந்த ஆளு அப்படி என்னத்தப் பாக்கிறாரு?"

அவர் பார்வை போன வழியே செவந்தி நேராக நடந்து போனது.

ஆள்காட்டி ஈர வயிற்றோடு திரும்பியபோது அங்கே கல் மட்டும்தான் இருந்தது. பறந்து போய்ப் பூனை வீட்டு வாசலில் விழுந்தது. குட்டிகள் வயிறு நிறைந்து தூங்கின. பேச்சிமுத்து கண்ணை மூடி உட்கார்ந்திருந்தது. மீசையில் மஞ்சள் கரு.

"சொல்லும் அண்ணாச்சி, எம் முட்டையத் தின்னது யாரு?"

பூனை கண்ணைத் திறந்தது. அதில் நிஜமாகவே தண்ணீர்.

"நல்ல கேள்வி தாயி. தின்னது யாருன்னுதான் நானும் சாப்பிட்டதுலருந்து கேட்டுக்கிட்டிருக்கேன். பதில் வரல."

"பசி?"

"அது போயிருச்சு."

நீதி: தன்னைத் தேடுகிறவரிடம் போய் முட்டையைத் தேடாதீர்கள், அவரே இன்னும் கிடைக்கவில்லை.