கூட வந்தவர் பேசக் கூடாது

"வியாழக்கிழமை ஐயா இன்னிக்கு வரலையாம் மேடம். இப்பத்தான் போன்ல சொன்னாரு."

அட்டெண்டர் இப்படிச் சொன்னபோது வகுப்புக்கு அரை மணி நேரம்தான் இருந்தது. பேராசிரியை கடிகாரத்தைப் பார்த்தாள்.

வாரம் ஒரு புதுக் குழுவாக வரும் மருத்துவ மாணவர்கள் கேள்வி கேட்டுப் பழகுவதற்கென்றே வியாழன்தோறும் வந்து உட்காருகிற பெரியவர் அவர். வழக்கமாக அந்த வகுப்பை எடுப்பவர் விடுப்பில் போனதால் இன்று முதன்முறையாக இவள். போதாக்குறைக்குக் கல்லூரி முதல்வரும் வந்து பார்க்கப்போகிறார். புதிய முதியோர் பிரிவுக்கு இவள் தலைவியா இல்லையா என்பது இன்று தெரிந்துவிடும்.

"ஏன் வரலையாம்?"

"அது வந்து மேடம்..."

"சரி விடுங்க, நானே பாத்துக்கறேன்." வீட்டுக்கு போன் போட்டாள். "அப்பா, ஒரு வண்டி புடிச்சு காலேஜுக்கு வாங்க. சும்மா உக்காந்தா போதும். பேசறதெல்லாம் நான் பேசிக்கறேன்."

மறுமுனையில் அப்பா இழுத்தார். "நான்தான் வரணுமா?"

"வேற யாரு இருக்கா?"

கரும்பலகையில் கொட்டை எழுத்தில் எழுதினாள்: 'பெரியவரிடம் கேளுங்கள். பதிலுக்குக் காத்திருங்கள். கூட வந்தவர் பேசக் கூடாது.' அடியில் இரண்டு கோடும் போட்டாள்.

தேய்த்த சட்டையோடு அப்பா வந்தார். முன்னால் கிடந்த நாற்காலியை ஒதுக்கிவிட்டு, சுவரோரம் இருந்ததை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "அது ஆடும்."

"வந்ததும் வராததுமா குறை சொல்லாதீங்கப்பா."

"மேடம், ஒரு நிமிஷம்..." என்றார் அட்டெண்டர்.

"அப்புறம்."

முதல் வரிசை மாணவி எழுந்தாள். "ஐயா, நல்லா தூங்கறீங்களா?"

"ஒம்பது மணிக்கெல்லாம் தூங்கிடுவார்," என்றாள் பேராசிரியை.

மாணவி கரும்பலகையைப் பார்த்தாள்.

"ஒம்பது மணிக்கு லைட்டை அணைப்பா," என்றார் அப்பா. "தூக்கம் வர ரெண்டு ஆகும்."

வகுப்பு சிரித்தது. பேராசிரியையும் சிரித்துவைத்தாள். "பாத்தீங்களா? கூட வந்தவங்க பேச்சை நம்பக் கூடாதுன்னு காட்டத்தான் அப்படிச் சொன்னேன்."

"கீழ விழுந்திருக்கீங்களா ஐயா?"

பேராசிரியை நாக்கைக் கடித்துக்கொண்டாள். மனத்துக்குள் மூன்றுவரை எண்ணினாள். நான்காவதில் வாய் தானாகத் திறந்தது. "பாத்ரூம்ல கைப்பிடி போட்டிருக்கேன். விழ வாய்ப்பே இல்ல."

"இதுவும் காட்டறதுக்குத்தானா மேடம்?"

அப்பா மெல்லக் குனிந்து கால்சட்டையை முழங்காலுக்கு மேலே சுருட்டினார். "கைப்பிடி அவ உயரத்துக்குப் போட்டது."

கன்றிப்போன காயம், ஓரம் மஞ்சளித்திருந்தது. பத்து நாளாவது ஆகியிருக்கும் என்று மருத்துவராக அவளுக்குத் தெரிந்தது. மகளாக இப்போதுதான் பார்க்கிறாள்.

"ஏம்ப்பா எங்கிட்ட சொல்லல?"

"சொல்ல வந்தேன். மாத்திரை போட்டீங்களான்னு கேட்ட. போட்டாச்சுன்னு நீயே சொல்லிக்கிட்டுப் போயிட்ட."

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. கடைசி வரிசையில் முதல்வரின் பேனா ஓடும் சத்தம் மட்டும் கேட்டது. முதுகுக்குப் பின்னால், கரும்பலகையில், தன் கையெழுத்தே தன்னை உற்றுப் பார்ப்பதுபோல அவளுக்கு இருந்தது. போய் அந்த ஒதுக்கிய நாற்காலியில் உட்கார்ந்தாள். அது ஆடியது.

பிறகு அவள் வாயைத் திறக்கவில்லை. மாணவி கேட்டாள், காத்திருந்தாள், அப்பா சொன்னார். இடது காது அவருக்குச் சரியாகக் கேட்பதில்லையாம். சாப்பாட்டு மேசையில் ஆறு வருஷமாக அவள் உட்காருவது இடது பக்கம்.

வகுப்பு முடிந்ததும் முதல்வர் அப்பாவுக்குக் கை கொடுத்தார். அவளைப் பார்த்துத் தலையை மட்டும் அசைத்துவிட்டுப் போனார்.

கோபத்தை எங்காவது இறக்கிவைக்க வேண்டியிருந்தது. "அந்த வியாழக்கிழமை ஐயா இப்படிக் கடைசி நேரத்துல காலை வாரலாமா?" என்று அட்டெண்டரிடம் சீறியவள், பாதியில் குரலைத் தணித்தாள். "ஏதோ சொல்ல வந்தீங்களே, என்ன?"

கேட்டுவிட்டு, இந்த முறை காத்திருந்தாள்.

அட்டெண்டர் அப்பாவைப் பார்த்தார். தலையைச் சொறிந்தார்.

"அவருதான் மேடம் இவரு. எட்டு மாசமா ஒரு வாரம் தவறினதில்ல. இன்னிக்கு வகுப்பு நீங்கன்னு சொன்னேன், உடனே வரலன்னுட்டாரு."