குட்டிக்கு எட்டாத பள்ளம்

நான் சுவரைத் தின்றவள். இதைச் சொல்ல எனக்கு ஒரு வெட்கமும் இல்லை. வெயிலில் காய்ந்த செம்மண் சுவரில் ஒரு கை தண்ணீர் தெளித்து, கிளம்புகிற வாசனையோடு நகத்தால் ஒரு வில்லை பெயர்த்து வாயில் போட்டுப் பார்க்காத யாருக்கும் என்னைப் பார்த்துச் சிரிக்க உரிமை கிடையாது. (போட்டுப் பார்த்தவர்கள் சிரிக்க மாட்டார்கள். கமுக்கமாக இருந்துகொள்வார்கள்.)

அந்தப் பழியை ஏழு ஆட்டுக்குட்டிகள் மேல் போட்டேனே, அதற்கு வேண்டுமானால் கொஞ்சம் வெட்கப்படலாம். கொஞ்சம்தான்.

எண்பதுகளின் கடைசியில் அருப்புக்கோட்டையிலிருந்து, திருச்சுழிக்கும் நரிக்குடிக்கும் நடுவில் இருக்கிற ஒரு ஊருக்கு வாழ்க்கைப்பட்டுப் போனேன். அப்பாவுக்கு டவுனில் பலசரக்குக் கடை. புகுந்த வீட்டில் வானம் பார்த்த நிலமும், நிறைய வெள்ளாடும், ஒரு மாமியாரும். நானோ பிளஸ் டூ, அதுவும் பயாலஜி குரூப். (பயாலஜியில் வாங்கிய மார்க் இங்கே எதற்கு?) வாய் மட்டும் மாவட்டத்திலேயே முதலிடம்.

அந்த வருஷம் நான்கு ஆடுகள் ஏழு குட்டி போட்டிருந்தன. "வருசா வருசம் ரெண்டு மூணு மண்ணைத் தின்னு செத்துப்போகும்த்தா. அது எழுதுனது" என்றார் அத்தை, அதாவது என் மாமியார்.

"எழுத்தெல்லாம் ஒண்ணும் இல்ல அத்தை. திங்க விடுறதால சாகுது. இந்தத் தடவை நான் வளக்குறேன். ஒரு குட்டிகூடச் சாகாது."

"செத்தா?"

"செத்தா, இனிமே உங்களை எதுத்து ஒரு வார்த்தை பேச மாட்டேன்."

சாப்பிட்டுக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் பிசைந்த சோற்றோடு அப்படியே உட்கார்ந்துவிட்டார். மாமியார் முகத்தில் அவ்வளவு சந்தோஷத்தை என் கல்யாணத்தன்றுகூட நான் பார்த்ததில்லை. ஆக, பணயம் வைத்தது என் வாயை. அது போனால் அந்த வீட்டில் எனக்கு வேறு என்ன சொத்து இருக்கிறது?

தானியம் போடுகிற அறைக்குப் புதிதாக சிமெண்டுத் தரை போட்டிருந்தார்கள். மூட்டைகளை வெளியே தள்ளிவிட்டு குட்டிகளை உள்ளே குடிவைத்தேன். ஒரு பொட்டு மண் வாயில் படக்கூடாது என்று ஏழு வாய்க்கும் பனைநாரில் கூடு பின்னி மாட்டினேன். காலையும் சாயங்காலமும் கூட்டைக் கழற்றி தாயிடம் பால் குடிக்க விடுவேன். வேறு ஒன்றும் கிடையாது. தரையைத் தினம் கழுவினேன்.

"குட்டி வளக்குறாளா, பூசை பண்ணுறாளா" என்று அத்தை தெருவுக்கே கேட்கிற மாதிரிச் சொன்னார். நான் காதில் வாங்கவில்லை.

அப்போது எனக்கு நாலு மாதம். மாதம் ஒரு முறை வருகிற நர்சம்மா, செங்கல் நிறத்தில் இரும்புச்சத்து மாத்திரை கொடுத்துவிட்டுப் போவார். அதை விழுங்கினால் குடல் வெளியே வருகிற மாதிரி குமட்டும். அதனால் எல்லாவற்றையும் அரிசிப் பானைக்குப் பின்னால் ஒரு பாட்டிலில் சேர்த்து வைத்தேன். நர்சம்மா கேட்டால், "தவறாமச் சாப்பிடுறேன்க்கா" என்பேன். சாப்பிட்டது சுவரை. ஆட்டுத் தொழுவத்தின் பின்சுவரில், பாத்திரம் கழுவப் போகிற சாக்கில், தினம் இரண்டு வில்லை.

ஒருநாள் அத்தை அந்தப் பள்ளத்தைப் பார்த்துவிட்டார். "ஏத்தா, வாய்க்கூடு போட்டும் இந்த மூதேவிக செவுத்தக் குடைஞ்சிருக்கே."

"ஆமா அத்தை. பால் குடிக்க விடுற நேரத்துல கடிச்சிருக்கும் போல" என்றேன், வாயில் இருந்த மண்ணை ஓரமாக ஒதுக்கிக்கொண்டு.

மூன்றாவது வாரம் என் பூசை பலன் தர ஆரம்பித்தது. துள்ள வேண்டிய குட்டிகள் மூலையில் சுருண்டு கிடந்தன. அதில் ஒன்று எழுந்திருக்கவே இல்லை. அதன் உயிரும் என் வாயும் ஒன்றாகப் போகப்போகின்றன. ஒயர்க் கூடையில் அதைத் தூக்கி வைத்து, வீட்டுக்காரரின் மொபெட்டில் மாட்டாஸ்பத்திரிக்குப் பறந்தேன். ஓட்டிவந்த அவர், வண்டியைப் பார்த்துக்கொண்டு ஆஸ்பத்திரி வாசலிலேயே நின்றுவிட்டார்.

டாக்டர் குட்டியின் கண்ணிமையைப் பிதுக்கினார். சிவப்பாக இருக்கவேண்டிய இடம் சோறு மாதிரி வெளுத்திருந்தது.

"என்னம்மா குடுக்குறீங்க?"

"பால் மட்டும்தான் சார். சிமெண்டுத் தரை, வாய்க்கூடு, மண்ணே படாது" என்று நெஞ்சை நிமிர்த்தினேன், பரிசு தரப்போகிறார் என்று.

"பால்ல இரும்புச்சத்து ரொம்பக் கம்மிம்மா. குட்டி தழையைக் கடிக்கும், மண்ணை லேசா நக்கும், அதுலதான் கொஞ்சம் உள்ள போகும். நீங்க ரெண்டையும் அடைச்சிட்டீங்க. அப்புறம் ரத்தம் எங்கிட்டிருந்து ஊறும்? அளவுக்கு மீறி மண் தின்னா கெடுதிதான். ஆனா ஏன் திங்குதுன்னு பாக்கணுமில்ல?"

அந்தக் குட்டிக்கு ஊசி போட்டார். மற்ற ஆறுக்கும் அருப்புக்கோட்டையில் டானிக் வாங்கச் சொன்னார். எனக்குப் பாட்டில் ஞாபகம் வந்தது.

"சார், பக்கத்து வீட்டுல ஒரு பொண்ணு முழுகாம இருக்கா. அவகிட்ட இரும்பு மாத்திரை மிச்சம் இருக்கு. அதைக் குடுக்கலாமா?"

"மிச்சம் இருக்கா? அந்தப் பொண்ணை மொதல்ல சாப்பிடச் சொல்லுங்க" என்று என்னை ஏற இறங்கப் பார்த்தார். "டானிக் வாங்குற வரைக்கும் கால் மாத்திரையைப் பொடிச்சுக் குடுங்க. அதுக்கு மேல போனா விஷம்."

வாய்க்கூடுகளை அடுப்பில் போட்டேன். குட்டிகளைத் தொழுவத்துக்கே கொண்டுவந்து, வாகைத் தழை கட்டித் தொங்கவிட்டேன். யாருக்கும் தெரியாமல் கால் கால் மாத்திரையாகக் கொடுத்தேன். ஒரு வாரத்தில் எல்லாம் எழுந்து நின்றன. கூடவே, மஞ்சளாகப் புழுக்கை போட்டுக்கொண்டிருந்த குட்டிகளெல்லாம் கரிக்கட்டை நிறத்தில் போட ஆரம்பித்தன.

அத்தை பதறிவிட்டார். "யாரோ என்னமோ வச்சிட்டாக" என்று அவர் போட்ட சத்தத்தில் தெருப் பெண்கள் அத்தனை பேரும் தொழுவத்தில் கூடிவிட்டார்கள். அந்த நேரம் பார்த்தா நர்சம்மா வரவேண்டும்?

அவர் குனிந்து தரையைப் பார்த்தார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "இரும்பு மாத்திரை சாப்பிட்டா இப்படித்தான் போகும். எங்க, உன் மாத்திரை?" என்று கேட்டபடி என் கண்ணிமையைப் பிதுக்கினார். அதே பிதுக்கல், அதே சோறு.

"குட்டிக்கு மாத்திரை, நீ என்னத்தத் தின்ன?"

நான் சுவரைப் பார்க்கவே இல்லை என்று இன்றைக்கும் சத்தியம் செய்வேன். அத்தை பார்த்தார். ஒரு குட்டியைப் பிடித்துப் பள்ளத்துக்கு நேரே நிறுத்தினார். எட்டவில்லை. பின்னங்காலில் நிமிர்த்தி நிறுத்தினார். அப்போதும் ஒரு முழம் எட்டவில்லை. அப்புறம் என் தோளைப் பிடித்து இழுத்து நிறுத்தினார். பள்ளம் சரியாக என் மோவாய்க்கு நேரே இருந்தது. தெருவே சிரித்தது. நர்சம்மாவும்தான்.

அன்றிலிருந்து பிரசவம் வரைக்கும் தினம் அத்தை முன்னால் மாத்திரை விழுங்கினேன். ஆட்டுக்கு மருந்து புகட்டுகிற மூங்கில் குழாயைக் கையில் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருப்பார். குமட்டியதா? குமட்டியது. விழுங்கினேனா? விழுங்கினேன். ஆனால் கணக்கைப் பாருங்கள்: ஏழு குட்டியும் பிழைத்தன, மகள் கொழுகொழுவென்று பிறந்தாள், என் வாய் என்னிடமே இருந்தது. ஜெயித்தது நான்.

இருந்தாலும் எங்கள் வீட்டில் யார் பொய் சொன்னாலும் இன்றுவரை ஒரே கேள்விதான்: "குட்டிக்கு எட்டுமா?" பள்ளிக்கூடத்தில் பென்சில் தொலைந்ததற்கு மகள் கதை விட்டபோதும் அதுதான். பஸ்ஸு லேட்டு என்று அவள் அப்பா சொன்னாலும் அதுதான்.

சில வருஷம் கழித்து அந்தச் சுவரை இடித்துச் செங்கல் சுவர் வைத்தோம். கடப்பாறை பட்டதும் மேல்பூச்சு உதிர்ந்தது. என் பள்ளத்துக்குப் பக்கத்தில், அதைவிட ஒரு சாண் கீழே, வேறு மண்ணை அப்பி அடைத்த பழைய பள்ளம் ஒன்று தெரிந்தது. அத்தை என்னைவிட ஒரு சாண் குள்ளம்.

நான் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு கேட்டேன். "அத்தை, இது குட்டிக்கு எட்டுமா?"

அவர் கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. "அது உங்க மாமா தின்னது" என்றார்.

மாமா, அதாவது என் மாமனார், நிலைப்படியில் குனிந்து நுழைகிற உயரம். பந்தயத்தில் தோற்காத நான், அன்றைக்கு மட்டும் நானாகவே வாயை மூடிக்கொண்டேன்.