தையல் அனுபவம்: மூன்று வருடம்

பயிற்சி விடுதி, மாடி அறை
வியாழன், மதிய இடைவேளை

மதிப்பிற்குரிய மாமாவுக்கு,

உங்கள் அக்கா மகள் எலி பணிவுடன் எழுதிக்கொள்வது. இந்த இடத்தில் நான் நலம் என்று எழுத வேண்டும். இடது கை ஆள்காட்டி விரலையும் என் மானத்தையும் தவிர மற்றதெல்லாம் நலம்தான். அங்கே நீங்களும் அம்மாவும் மருந்து அலமாரியும் நலமா, ஏரியில் தண்ணீர் குறையாமல் இருக்கிறதா என்று அறிய ஆவல். இதுவரை எழுதக் கை நன்றாக வந்தது. இனிமேல்தான் வராது.

முதலில் ஒரு வேண்டுகோள். இந்தக் கடிதமும் நானும் இன்று நாலு மணிப் படகில் ஒன்றாகத்தான் வருகிறோம். கடிதத்தை முதலில் இறக்கி உங்கள் கையில் கொடுக்கும்படி படகுக்காரரிடம் சொல்லப்போகிறேன். நான் மூட்டைகளுக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பேன். நீங்கள் துறையிலேயே நின்று படித்து முடித்துவிட்டுத் தலையை ஆட்டினால் இறங்குவேன். ஆட்டாவிட்டால் படகோடு அப்படியே திரும்பிப் போய்விடுவேன். எங்கே போவேன் என்று இன்னும் யோசிக்கவில்லை.

பயிற்சி ஐந்து நாள், இன்று நான்காவது நாள், நாளைக்குத் தேர்வு என்பது உங்களுக்குத் தெரியும். டாக்டரே இல்லாத தூரத்து இடங்களில் வேலை பார்ப்பவர்களுக்காக நடத்துகிறார்கள். காயத்தைக் கழுவுவது, தைப்பது, ரத்தத்தை நிறுத்துவது, கட்டியைக் கீறிச் சீழ் எடுப்பது, எதில் கைவைக்காமல் உடனே படகில் ஏற்றி அனுப்ப வேண்டும் என்று கண்டுபிடிப்பது, இவ்வளவும் சொல்லித்தருகிறார்கள். சான்றிதழ் வாங்கினால்தான் நம் சுகாதார நிலையத்தில் என்னை உங்களுக்கு உதவியாளாகப் போடுவார்கள். அதற்காக நீங்கள் எத்தனை பேரிடம் போய் நின்றீர்கள் என்பது எனக்குத் தெரியும். அதனால்தான் இதை எழுத இவ்வளவு வெட்கமாக இருக்கிறது.

திங்கள்கிழமை காலையில் எங்கள் ஆறு பேருக்கும் கையுறை, நீல அங்கி, மாஸ்க் எல்லாம் மாட்டிவிட்டார்கள். எனக்கு மாஸ்க் மிகவும் பிடித்துப்போனது. பள்ளிக்கூடத்தில் இப்படி ஒன்று கொடுத்திருந்தால் எட்டாம் வகுப்போடு நின்றிருக்க மாட்டேன் என்றுகூடத் தோன்றியது. எங்களுக்குச் சொல்லித்தருபவர் ஒரு பெரிய டாக்டர் அம்மா. பாடம் சொல்ல வாயைத் திறந்தால் "மெதுவா" என்றுதான் ஆரம்பிப்பார் என்பதால் எல்லோரும் மெதுவா டாக்டர் என்கிறார்கள். அவர் எங்கள் படிவங்களை ஒவ்வொன்றாக வாசித்துக்கொண்டே வந்து என்னுடையதில் நின்றுவிட்டார். அதில் "தையல் அனுபவம்: மூன்று வருடம்" என்று எழுதியிருந்தது. அதை யார் எழுதியது, எதற்காக எழுதியது என்ற விவரத்துக்குள் நான் இப்போது போகவில்லை.

"மூணு வருஷமா! எங்கம்மா?" என்றார்.

"கடையில" என்றேன். எலி என்று பெயர் வாங்கித்தந்த என் குரல்தான் உங்களுக்குத் தெரியுமே. அதில் பாதியை மாஸ்க் விழுங்கிவிட்டது.

"மலையிலயா?" என்றார் அவர். "கேட்டீங்களா எல்லாரும்? மலையில மூணு வருஷம் தைச்ச கை. நீ முன்னால வாம்மா. இவ கையைப் பாத்துக் கத்துக்குங்க."

இல்லை, மலை இல்லை, கடை. ஆள் இல்லை, சட்டை. ரத்தம் இல்லை, பொத்தான் காஜா என்று சொல்ல வாயைத் திறந்தேன் மாமா. திறந்தது மாஸ்க்குக்கு மட்டும்தான் தெரியும். அதற்குள் என்னை முன் மேசைக்குத் தள்ளிவிட்டார்கள். என் பக்கத்தில் சுரங்கத்தில் முதலுதவி பார்க்கும் ஒரு அண்ணன் வந்து நின்றார். கதவளவு ஆள், மாஸ்க்குக்கு இரண்டு பக்கமும் மீசை வெளியே வந்து நிற்கும். "டீச்சர், நீங்க முதல்ல பண்ணுங்க. நான் அப்படியே பாத்துப் பண்ணிடறேன்" என்றார். அன்றிலிருந்து இந்தக் கட்டடத்தில் என் பெயர் டீச்சர்.

டாக்டர் கை கழுவப் போயிருந்தார். ஆளுக்கு ஒரு பன்றிக்கால், அதில் ஒரு சாண் நீளத்துக்கு வெட்டு. உறையைப் பிரித்தால் பிறைநிலா மாதிரி வளைந்த ஊசி. நான் பழக்கதோஷத்தில் ஊசியின் காதைத் தேடினேன். காணோம். ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்து ஒரு கண்ணை மூடிப் பார்த்தேன். அந்த ஊசிக்குக் காதே கிடையாது, நூல் அதன் வாலிலேயே ஒட்டித்தான் வரும் என்று எனக்கு எப்படித் தெரியும்? நூலின் மறுநுனியை எச்சில் தொட வாய்க்குக் கொண்டுபோனேன், அது மாஸ்க்கில் இடித்தது. திரும்பிப் பார்த்தால் மீசை அண்ணனும் ஊசியை ஜன்னலுக்கு நேராகப் பிடித்து ஒரு கண்ணை மூடிக்கொண்டிருக்கிறார். அவருக்குப் பின்னால் மற்ற நாலு பேரும் அப்படியே. டாக்டர் உள்ளே வந்து எங்களைப் பார்த்துவிட்டு, "என்ன, ஊசிக்கு எக்ஸ்ரே எடுக்கறீங்களா?" என்றார்.

பிறகு தைக்கச் சொன்னார். மாமா, மூன்று வருடம் காலர் தைத்த கைக்கு ஒன்றுதான் தெரியும். ஓரத்தை உள்பக்கம் மடிக்க வேண்டும், தையல் வெளியே தெரியக் கூடாது, நெருக்கமாகவும் இறுக்கமாகவும் போட வேண்டும். நான் அந்தப் பன்றிக்காலுக்கும் ஓரம் மடித்துத் தைத்தேன். இறுக்கிய இறுக்கில் அதன் விரல் ஒன்று மேலே தூக்கிக்கொண்டு நின்றது. பார்க்க அழகாகத்தான் இருந்தது என்று வெட்கத்தோடு சொல்லிக்கொள்கிறேன். கடைசி முடிச்சைப் போட்டுவிட்டு, மாஸ்க்கைக் கீழே இழுத்து, குனிந்து, நூலைப் பல்லால் கடித்து அறுத்தேன்.

நிமிர்ந்தபோது மீசை அண்ணனின் மாஸ்க் தாடையில் தொங்கிக்கொண்டிருந்தது. அவரும் பாதி தூரம் குனிந்துவிட்டிருந்தார்.

"போய் வாயக் கழுவிட்டு வா" என்றார் டாக்டர். கழுவிவிட்டு வந்தபோது அவர் என் தையலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். "சட்டையா இருந்தா நானே வாங்கிப் போட்டுப்பேன்" என்றார். அப்புறம் எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "மெதுவா கேளு. துணி வீங்காது. தோல் வீங்கும். இவ்வளவு இறுக்கினா ரத்தம் எப்படிப் போகும்? ஓரம் செத்துப்போயிடும். காயம் வீங்கறதுக்கு இடம் விட்டுத் தைக்கணும். தொட்டுக்கிட்டா போதும், நெரிக்கக் கூடாது. ஓரம் உள்ள மடங்கக் கூடாது, லேசா வெளிய பாக்கணும். நாளையிலிருந்து நீ என் பக்கத்துல நில்லு" என்றார்.

ஆக, எனக்குத் தெரிந்ததெல்லாம் இங்கே தப்பு. ஒன்றுமே தெரியாமல் வந்தவர்கள் செவ்வாய்க்கிழமை மாலைக்குள் சரியாகத் தைக்க ஆரம்பித்துவிட்டார்கள். நான் ஒவ்வொரு தையலுக்கும் முதலில் என் கையை மறக்கவைத்துவிட்டுத்தான் தைக்க வேண்டியிருந்தது. "டீச்சர், மலைப்பக்கம் இறுக்கித்தான் தைப்பாங்களோ? குளிர்ல தோல் சுருங்குமோ?" என்று மீசை அண்ணன் கேட்டார். அவர் கிண்டல் செய்யவில்லை மாமா. அதுதான் கொடுமை.

நேற்று புதன்கிழமை ஊசி கையுறையைத் தாண்டி என் ஆள்காட்டி விரலில் இறங்கிவிட்டது. குத்தினால் உடனே சொல்ல வேண்டும், கழுவ வேண்டும், பதிவேட்டில் எழுத வேண்டும் என்று முதல் நாளே சொல்லியிருந்தார்கள். மலையில் மூன்று வருடம் தைத்தவள் பன்றிக்காலில் குத்திக்கொண்டாள் என்று பதிவேட்டில் வருமே என்று நான் சொல்லவில்லை. கையுறைக்குள் விரலை மடக்கிக்கொண்டு தைத்தேன். கையுறையின் அந்த விரல் சிவப்பாகிக்கொண்டே வந்தது. "டாக்டர்! டீச்சருக்கு ரத்தம்!" என்று மீசை அண்ணன் சுரங்கத்துக்குள் கேட்கிற மாதிரி கத்தினார்.

டாக்டர் என் கையைக் குழாயடியில் பிடித்துக்கொண்டு நின்றார். "குத்தினது தப்பில்ல. எனக்கும் குத்தியிருக்கு. மறைச்சதுதான் தப்பு. உன் இடத்துல நீ மறைச்சா யாரு பாப்பாங்க? ஏரித் தண்ணியா பாக்கும்?" என்றார்.

அப்போது சொல்லிவிடலாம் என்று, "டாக்டர், நான் நிஜத்துல தையல்காரி" என்றேன். "தெரியுமே. நல்ல தையல்காரிதான். நூலை மட்டும் கடிக்காதே" என்றார். நான் சொன்னது இந்தத் தையல் இல்லை, அந்தத் தையல் என்று விளக்க இன்னும் நாலு வார்த்தை வேண்டியிருந்தது. என்னிடம் ஒன்றுகூட இல்லை.

இதுவரை நடந்தது என் மானத்தோடு போயிற்று. இன்று காலையில் நடந்ததுதான் என்னைப் படகுக்கு அனுப்புகிறது. அலுவலகத்தில் சான்றிதழ் எழுதும் ஐயா கூப்பிட்டு, "நீதானே அனுபவக்காரி? வடகரை நிலையத்துல ஆளே இல்ல. அனுபவம் இருக்கறவங்களைத் தனியாவே போட்டுடலாம்னு உத்தரவு. உன் பேரை எழுதி வெச்சிருக்கேன்" என்று சிரித்தார். தனியாக, மாமா! நான் கேட்டது உங்களுக்கு உதவியாளாக. அங்கே யாராவது காலை வெட்டிக்கொண்டு வருவார்கள், பயத்தில் என் கை பழைய பழக்கத்துக்கே போகும், அந்தக் காலை நான் காலர் மாதிரி தைத்து அனுப்புவேன்.

உண்மையைச் சொன்னால் பொய்ப் படிவம் என்று வெளியே அனுப்பிவிடுவார்கள். அப்புறம் உங்களுக்கு யார் இருக்கிறார்கள்? இதை எழுதக் கூடாது என்று மூன்று தடவை பேனாவை மூடினேன். உங்கள் வலது கை நடுங்குவது எனக்குத் தெரியும். நீங்கள் டீ கொண்டுவந்தால் கப் சாசரில் கடகடவென்று அடித்து, நீங்கள் வருவதற்கு முன்பே சத்தம் வந்துவிடுகிறது. போன மாதம் அந்த மீன்காரரின் பாதத்தைத் தைக்கும்போது மூன்று முறை தவறியது. "ஊசி மழுங்கிடுச்சு" என்றீர்கள். நான் அந்த ஊசியை அப்புறம் விரலில் வைத்துப் பார்த்தேன். ஊசி நன்றாகத்தான் இருந்தது. டாக்டர் குழாயடியில் "மறைச்சதுதான் தப்பு" என்றபோது நான் என் விரலை நினைக்கவில்லை. உங்கள் கையைத்தான் நினைத்தேன். இது நம் இருவருக்குள் இருக்கட்டும், யாரிடமும் மூச்சுவிட மாட்டேன்.

ஆகவே, நான் தேர்வு எழுதாமல் வருகிறேன். மருந்து அறைக்குள் காலெடுத்து வைக்க மாட்டேன். வாசலைப் பெருக்குகிறேன், கட்டுத்துணி துவைக்கிறேன். ஓரம் பிரியாமல் மடித்தும் தைத்துத் தருகிறேன், அது ஒன்றுதான் எனக்கு வரும். அம்மாவிடம் பக்குவமாகச் சொல்லவும். உங்கள் காலைத் தொட்டு வணங்குகிறேன். திட்டுவதானால் படகில் மற்றவர்கள் இறங்கிய பிறகு திட்டவும்.

தங்கள் கீழ்ப்படிந்த,
எலி

பி.கு.: மாமா, படகில் மூட்டைகளுக்குப் பின்னால் தேட வேண்டாம். நான் வரவில்லை.

உறை கேட்க அலுவலகத்துக்குப் போனேன். அங்கே மெதுவா டாக்டர் உட்கார்ந்திருந்தார். "என்னம்மா?" என்றார். கடிதத்தை அப்படியே நீட்டிவிட்டேன். முழுவதும் படித்தார். எக்ஸ்ரே வரும் இடத்தில் சிரித்தார். உங்கள் கை வரும் இடத்தில் சிரிக்கவில்லை. அந்தப் பக்கத்தை இரண்டு தடவை படித்தார். யாரிடமும் மூச்சுவிட மாட்டேன் என்று எழுதிய மை காய்வதற்குள் இப்படிச் செய்துவிட்டேன். என்னை மன்னிக்க வேண்டாம்.

"கடையா மலையான்னு முதல் நாளே தெரிஞ்சுபோச்சு. மலையில யாரும் நூலைக் கடிக்க மாட்டாங்க. நீயா வந்து சொல்றதுக்குத்தான் பாத்துக்கிட்டிருந்தேன்" என்றார். படிவத்தை எடுத்துவந்து, "இது யார் எழுத்து?" என்றார். என் எழுத்துதான் மாமா. உங்களுக்குக் கை சரியில்லை என்று என்னை எழுதச் சொன்னீர்கள், நீங்கள் சொல்லச் சொல்ல நான்தானே எழுதினேன். தையல் அனுபவம் என்று கேட்ட இடத்தில் "இல்லைன்னு எழுது" என்றுதான் நீங்கள் சொன்னீர்கள். மூன்று வருடம் குனிந்து தைத்தவளுக்கு இல்லை என்று எழுத மனசு வரவில்லை. அவர் "மூன்று வருடம்" என்பதை அடித்துவிட்டு "நான்கு நாள்" என்று எழுதினார். வடகரைப் பட்டியலிலும் என் பெயரை அடித்தாயிற்று. நாளை எட்டு மணிக்கு எனக்கும் தேர்வு உண்டு. மீசை அண்ணனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "அப்ப என் சட்டைப் பையைத் தைச்சுக் குடுங்க டீச்சர்" என்றார்.

இந்தப் படகு நாளை மதியம் இங்கே திரும்பும். நீங்கள் அதில் ஏறி வர வேண்டும், கையைக் காட்ட வேண்டும், இப்போதே பார்த்தால் நடுக்கம் மருந்தில் குறையலாம் என்று டாக்டர் சொல்கிறார். நான் எழுதினால் நம்பமாட்டீர்கள் என்று கீழே அவரே கையெழுத்துப் போட்டிருக்கிறார். கோபமாக இருந்தாலும் வாருங்கள். நான் துறையில் நிற்பேன், மாஸ்க் போடாமல்.