முடிவிலியும் ஒரு தட்டு மரவள்ளிக்கிழங்கும்

உலகத்தில் யாரும் விடை காணாத ஒரு கேள்விக்கு நான் ஒருமுறை விடை கண்டுபிடித்திருக்கிறேன். அந்த விடை பதினோரு நாள் உயிரோடு இருந்தது. அதைக் கொன்றவள் பிறகு என் மனைவியானாள். (வரிசை சரிதான். முதலில் கொலை, அப்புறம் கல்யாணம்.)

ஜப்பான்காரன் காலம். மலாக்காவில் ஒரு பள்ளிக்கூடத்தில் நான் கணக்கு வாத்தியாராகச் சேர்ந்த ஏழாவது மாதம் பள்ளிக்கூடத்தையே மூடிவிட்டார்கள். எனக்கு வயது இருபத்திரண்டு. காஜா பேராங் பகுதியில் அண்ணன் வீட்டுக்குப் பின்னால் மரவள்ளி நடுவதும், நட்டதற்குப் பக்கத்தில் உட்கார்ந்து யோசிப்பதும்தான் வேலை. நட்டது கொஞ்சம்.

பாசாரில் கடலை விற்கும் சீனர் ஒருவர் பொட்டலம் மடிக்க ஓர் ஆங்கிலக் கணிதப் புத்தகத்தைக் கிழித்துக்கொண்டிருந்தார். மிச்சமிருந்த பாதியை என் நல்ல சட்டையைக் கொடுத்து வாங்கினேன். கடைசிப் பக்கத்தில் ஒரு கேள்வி இருந்தது. ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிக்கொண்டே போனால் முடிவில்லை. ஒரு கோட்டில் உள்ள புள்ளிகளுக்கும் முடிவில்லை. ஆனால் இந்த இரண்டாவது முடிவிலி முதலாவதைவிடப் பெரியது. இரண்டுக்கும் நடுவே வேறொரு அளவில் முடிவிலி உண்டா? இதுவரை யாருக்கும் தெரியாது என்று போட்டிருந்தது.

ஏன் பெரியது என்பது முந்திய அத்தியாயத்தில் நிரூபிக்கப்பட்டிருக்கிறதாம். அந்த அத்தியாயம் கடலையோடு போய்விட்டது. அதனால் அது தவறு என்று முடிவு செய்தேன். (படிக்காத அத்தியாயத்தை மறுப்பது மிகவும் சுலபம்.) கோட்டின் புள்ளிகளைத் தசம எண்களாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் ஓர் எண்ணை ஜோடி சேர்த்தேன். ஆக, இரண்டு முடிவிலியும் ஒரே அளவு. நடுவில் எதற்கும் இடமே இல்லை. கேள்வி தீர்ந்தது! நோட்டின் அட்டையில் என் கையெழுத்தை மூன்று விதமாகப் போட்டு, எது உலகப் புகழுக்குப் பொருத்தம் என்று பார்த்தேன்.

அண்ணனுக்கு வேறு கவலை. வேலையில்லாத இளவட்டங்களைச் சயாமில் ரயில் பாதை போட லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். எங்கள் சடக்கில், அதே தெரு வீடுகளிலிருந்து போன நான்கு பேரிடமிருந்து ஒரு வரித் தகவல் இல்லை. அதே சடக்கின் கோடியில் தண்ணீர் இலாகாவில் ஆட்களை மேய்க்கும் மண்டோர் ஒருவர் இருந்தார். அவர் நினைத்தால் கையில் கட்டும் இலாகாப் பட்டை கிடைக்கும். பட்டை இருந்தால் லாரி நிற்காது. அவருக்கு ஒரு மகளும் இருந்தாள். பெண்ணும் வேலையும் ஒரே வீட்டில் என்று அண்ணன் ஏற்பாடு செய்தார்.

"கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு லா," என்றார் வழியில். "அந்த முடிவே இல்லாத கதைய எடுத்தே, அவ்வளவுதான்."

நோட்டு என் சட்டைக்குள் இருந்தது அவருக்குத் தெரியாது.

மண்டோர் வீட்டில் எங்களுக்கு அவித்த மரவள்ளிக்கிழங்கு வைத்தார்கள், தேங்காய்ப்பூவும் குலா மலாக்கா என்கிற தென்னை வெல்லமும் போட்டு. மலாக்காவிலேயே குலா மலாக்கா கிடைக்காத காலம் அது.

"தம்பி இப்ப என்னா வேலை செய்றீங்க?" என்றார் மண்டோர்.

மரவள்ளி நடுகிறேன் என்று சொல்லியிருக்கலாம். "ஒரு பெரிய கேள்விக்கு விடை கண்டுபிடிச்சிருக்கேன் ஐயா," என்றேன்.

அண்ணன் இருமினார்.

"என்னா கேள்வி?"

கேட்டுவிட்டாரே! ஒரு துண்டுக் கிழங்கை எடுத்தேன். இதுதான் கோடு என்றேன். பாதியாக்கினேன். பாதியைப் பாதியாக்கினேன். இரண்டு புள்ளிகளுக்கு நடுவே இன்னொரு புள்ளி எப்போதும் உண்டு, அத்தனைக்கும் நான் ஒரு ஜோடி எண் கண்டுபிடித்துவிட்டேன் என்று விளக்கி முடிப்பதற்குள், தட்டிலிருந்த ஐந்து துண்டும் புட்டாகிவிட்டன. மண்டோரின் கண்கள் விரலிலிருந்து உதிரும் ஒவ்வொரு தூளையும் பின்தொடர்ந்தன.

"இதச் சொன்னா ஜப்பான்காரன் அரிசி கூட்டிக் குடுப்பானா?"

"இது அதைவிடப் பெரிய விஷயம் ஐயா."

"அரிசியவிடவா?" என்றார், உண்மையான ஆச்சரியத்துடன்.

சோளத்தை வறுத்துப் போட்ட கோப்பியோடு மகள் மரகதம் வந்து நின்றாள். பள்ளிக்கூடத்தின் கடைசி வகுப்பில் இருந்தபோது ஜப்பான் சண்டை வந்து படிப்பு நின்றுபோனவள்.

"எல்லாப் புள்ளிக்கும் ஜோடி போட்டுட்டீங்களா?" என்றாள்.

நோட்டை உருவினேன். "எண்ணைத் திருப்பிப் போட்டு முன்னால ஒரு புள்ளி வைக்கணும். இருபத்தேழுக்கு, புள்ளி ஏழு ரெண்டு. இப்படியே போனா ஒண்ணுகூட விடுபடாது."

அவள் கோப்பியைக் கீழே வைத்தாள்.

"மூணுல ஒரு பங்கு எங்க இருக்கு?"

"என்னது?"

"புள்ளி மூணு மூணு மூணுன்னு போய்க்கிட்டே இருக்குமே. அதுக்கு எந்த எண்ணு ஜோடி?"

"மூணு... முப்பத்து மூணு... முன்னூத்தி முப்பத்து மூணு..."

"சரி, எதுல நிக்கும்?"

"நிக்காது."

"நிக்காதத எப்படிங்க ஒரு எண்ணுன்னு சொல்றது?"

நோட்டைப் புரட்டினேன். மூடினேன். காது இரண்டும் சுட்டன. என் பழைய மாணவர்களில் மக்குப் பையன்கூட இதைக் கேட்டிருப்பான். பதினோரு நாளில் எனக்கு ஒருமுறைகூடத் தோன்றவில்லை.

மண்டோருக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் மகள் ஜெயித்துவிட்டாள் என்பது மட்டும் புரிந்தது.

"மன்னிச்சுக்குங்க மண்டோர்," என்று அண்ணன் எழுந்தார். வாசல் வழியே சடக்கைப் பார்த்தார். அப்போதுதான் எனக்கு லாரி ஞாபகம் வந்தது. முடிவிலியை விட்டுவிட்டுத் தண்ணீர் இலாகாவைப் பற்றி ஒரு வார்த்தையாவது பேசியிருக்கலாம்.

மண்டோர் தட்டில் கிடந்த கிழங்குத் தூளை ஓரமாக ஒதுக்கினார். பிறகு அண்ணனிடம், "இந்தப் பையன் சயாம்ல ஒரு வாரம் தாங்க மாட்டான்," என்றார். என்னிடம், "நாளைக்குக் காலையில வா. வீடு வீடாப் போயி தண்ணி மீட்டர் பாக்குற வேலை. அதுல முடியிற நம்பர் மட்டும்தான் இருக்கும்."

கல்யாணப் பேச்சை யாரும் எடுக்கவில்லை. அவசரத்தில் நோட்டை அங்கேயே விட்டுவிட்டு வந்திருந்தேன். ஒரு வாரம் கழித்து மண்டோர் அதை என்னிடம் நீட்டினார். பக்கத்துக்குப் பக்கம் பென்சில் குறி. கடைசியில் அழகான கையெழுத்தில்: "பதினான்கு தவறுகள். பதினைந்தாவது தவறா சரியா என்று எனக்குத் தெரியவில்லை. நேரில் வந்து விளக்கவும்."

விளக்கப் போனேன். தை மாதம் வரை விளக்கினேன். தையில் கல்யாணம்.

சண்டை முடிந்தபின், சயாமுக்குப் போன நால்வரில் ஒருவர்தான் திரும்பினார். அவரைச் சடக்கில் பார்த்த அன்று என்னால் மீட்டர் பார்க்கப் போக முடியவில்லை.

பல வருடங்களுக்குப் பிறகு ஒரு வாத்தியார் நண்பர் செய்தி கொண்டுவந்தார். நாம் வழக்கமாகக் கையாளும் கணித விதிகளை வைத்து அந்தக் கேள்விக்கு ஆமாம் என்றும் நிரூபிக்க முடியாது, இல்லை என்றும் நிரூபிக்க முடியாது என்று நிரூபித்துவிட்டார்களாம். புது விதி சேர்க்கலாமா என்று இன்னும் வாதாடுகிறார்களாம். நான் அடுப்படிக்கு ஓடினேன்.

"கேட்டியா மரகதம்? யாராலயும் முடியாதாம்!"

அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "கேள்விக்கு விடை இல்லாம இருக்கலாம். உங்க விடை தப்பு."

பிள்ளைகள் அதைப் பிடித்துக்கொண்டார்கள், இப்போது பேரப்பிள்ளைகளும். மருந்து எத்தனை மணிக்கு, மழை வருமா, எதைக் கேட்டு நான் பதில் சொன்னாலும் அதே பாட்டுத்தான். போன வாரம் காரில் செங் என்கிற ஊருக்குப் போகும்போது எந்தப் பக்கம் திரும்புவது என்று பேரன் கேட்டான். இடது பக்கம் என்றேன். மொத்தக் காரும் ஒரே குரலில், "கேள்விக்கு விடை இல்லாம இருக்கலாம் தாத்தா!" என்று கூவி வலது பக்கம் திரும்பியது.

அரை மணி நேரம் சுற்றிவிட்டு நான் சொன்ன இடது பக்கத்துக்கே வந்தோம். மொத்தக் காரும் ஜன்னல் வழியே வேடிக்கை பார்த்தது. மரகதம் மட்டும், "இது அந்த நோட்டுல இருந்த பதினஞ்சாவது போல இருக்கு," என்றாள்.